கணக்கும் சங்கிலியும் – 6: தேதிக்குச் சாட்சி யார்?

போன அத்தியாயத்தில் டேவிட் சௌமின் மின்பண நிறுவனமான டிஜிகேஷ் 1998-இல் திவாலானதுவரை பார்த்தோம். அடுத்து நேராக பிட்காயினுக்குத் தாவிவிடலாம். பல புத்தகங்கள் அப்படித்தான் செய்கின்றன. நான் தாவப்போவதில்லை. மின்பணத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வருடம் பின்னால் போய், மாசசூசெட்ஸில் ஓர் ஆய்வகத்துக்குள் நுழையவேண்டும். அங்கே பணப் பேச்சே கிடையாது. எலிகளும் நோட்டுப்புத்தகங்களும் ஒரு சண்டையும்தான்.

1986 ஏப்ரலில் ‘செல்’ என்ற அறிவியல் இதழில் நோய் எதிர்ப்பியல் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்களில் இருவர் நமக்கு முக்கியம். ஒருவர் எம்.ஐ.டி.யில் ஆய்வகம் வைத்திருந்த தெரேசா இமானிஷி-காரி. இன்னொருவர் 1975-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாங்கியிருந்த டேவிட் பால்டிமோர். அயல் மரபணு ஒன்றை எலிக்குள் செலுத்தினால் எலியின் சொந்த எதிர்ப்பொருள் உற்பத்தியும் மாறிவிடுகிறது என்பது கட்டுரையின் சாரம். அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த மார்கோ ஓ’டூல் என்ற இளம் ஆய்வாளர் சோதனைகளைத் தானும் செய்துபார்த்தார். முடிவு அப்படி வரவில்லை. பிறகு ஆய்வக நோட்டின் 17 பக்கங்கள் அவர் கண்ணில் பட்டன. அவற்றில் இருந்த எண்களும் அச்சில் வந்த எண்களும் ஒத்துப்போகவில்லை என்றார்.

பல்கலைக்கழகத்துக்குள் பேசித் தீர்த்திருக்கவேண்டிய விஷயம் அமெரிக்க நாடாளுமன்றம்வரை போனது. ஜான் டிங்கல் தலைமையிலான துணைக்குழு நோட்டுப்புத்தகங்களை வாங்கி சீக்ரெட் சர்வீஸிடம் கொடுத்தது. ஜனாதிபதிக்குக் காவல் நிற்பதும் கள்ளநோட்டு பிடிப்பதும் அந்தத் துறையின் வேலை. எலி ஆராய்ச்சியைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை; கேள்வி தேதியைப் பற்றியது. இந்தப் பக்கம் இதில் எழுதியிருக்கும் தேதியில்தான் எழுதப்பட்டதா? மையைப் பார்த்தார்கள், தாளைப் பார்த்தார்கள், கதிரியக்க எண்ணியிலிருந்து வந்து நோட்டில் ஒட்டப்பட்டிருந்த அச்சு நாடாத் துண்டுகளை வேறு ஆய்வாளர்களின் நாடாக்களோடு ஒப்பிட்டார்கள். சில பக்கங்கள் அந்தத் தேதியில் உருவாகியிருக்க முடியாது என்று சொன்னார்கள்.

1991-இல் பால்டிமோர் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவியைத் துறந்தார். 1994-இல் இமானிஷி-காரி தரவுகளைப் புனைந்தார் என்று அரசு அலுவலகம் முடிவு கட்டியது. 1996-இல் மேல்முறையீட்டுக் குழு அத்தனை குற்றச்சாட்டுகளையும் தள்ளுபடி செய்தது. ஒரு தேதியை நிரூபிக்கவோ மறுக்கவோ முடியாமல் பத்து வருடம் ஓடியிருந்தது.

இந்த வழக்கைப் பத்திரிகைகளில் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்த ஓர் இயற்பியல்காரர்தான் இந்த அத்தியாயத்தின் நாயகர்களில் ஒருவர். ஸ்காட் ஸ்டோர்னெட்டா, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். 1989-இல் நியூ ஜெர்சி மாநிலம் மோரிஸ்டவுனில் பெல்கோர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1984-இல் ஏ.டி. அண்ட் டி. என்ற தொலைபேசி ஏகபோகம் உடைக்கப்பட்டபோது, பிரிந்துபோன ஏழு வட்டார நிறுவனங்களும் சேர்ந்து தங்களுக்கென்று வைத்துக்கொண்ட ஆராய்ச்சிக்கூடம் அது. ஸ்டோர்னெட்டாவின் கவலை எளிமையானது. மையும் தாளும் இருந்தே இந்தப் பாடு. நாளைக்கு எல்லாப் பதிவும் கணினிக்குள் போய்விடும். கோப்புக்கு மை கிடையாது, தாள் பழுக்காது. கணினியின் கடிகாரத்தை ஒரு வருடம் பின்னுக்குத் திருப்பிவைத்துச் சேமித்தால் அது ஒரு வருடப் பழைய கோப்பு. அப்போது எந்த சீக்ரெட் சர்வீஸ் என்ன செய்யும்?

இந்தக் கவலையை அவர் கொண்டுபோனது ஸ்டுவர்ட் ஹேபர் என்ற சக ஊழியரிடம். ஹேபர் குறியாக்கவியல்காரர்.

ஒரு விஷயம் தன்னிடம் இன்ன தேதியிலேயே இருந்தது என்று பின்னாளில் நிரூபிக்க வேண்டும், அதுவரை அதை வெளியிடவும் கூடாது. இந்த ஆசை அறிவியலுக்குப் புதிதில்லை. 1676-இல் ராபர்ட் ஹூக் ஒரு புத்தகத்தின் கடைசியில் 14 எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி அச்சிட்டார். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. இரண்டு வருடம் கழித்து அதே 14 எழுத்துகளை மாற்றியடுக்கி, இழுவிசை எவ்வளவோ நீட்சியும் அவ்வளவு என்ற லத்தீன் வாக்கியத்தைக் காட்டினார். பள்ளியில் நாம் படித்த ஹூக் விதி அதுதான். கண்டுபிடிப்பு 1676-இலேயே தன் கையில் இருந்தது என்பதற்கு அந்த எழுத்துக்கூட்டமே சாட்சி.

கலிலியோ இதை இன்னும் முன்னால், 1610-இல், செய்திருந்தார். சனிக் கோள் மூன்று உருண்டைகளாகத் தெரிவதைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு (வளையம் என்று அவருக்குத் தெரியாது), அதைச் சொல்லும் வாக்கியத்தின் 37 எழுத்துகளைக் கலைத்துப்போட்டு அனுப்பினார். அது ப்ராகில் இருந்த கெப்ளரின் கைக்குப் போயிற்று. கெப்ளர் சும்மா இருப்பாரா? எழுத்துகளை உருட்டிப் புரட்டி, செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள்கள் என்று ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கலிலியோ சொன்னது சனியைப் பற்றி. கெப்ளர் படித்தது செவ்வாயைப் பற்றி. வேடிக்கை என்னவென்றால், செவ்வாய்க்கு உண்மையாகவே இரண்டு துணைக்கோள்கள் இருப்பது 1877-இல் தெரியவந்தது.

சிரித்துவிட்டு நகரவேண்டிய கதையில்லை இது. பிளாக்செயின் கற்றுக்கொள்ள வருபவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் ஹாஷ் என்ற சமாசாரம் இதற்குள்தான் இருக்கிறது. கலைத்துப்போட்ட எழுத்துக்கூட்டம் ரகசியத்தை ஓரளவு காப்பாற்றும். ஆனால் ஒரே கூட்டத்திலிருந்து இரண்டு வாக்கியங்கள் பிறக்கலாம் என்றால் சாட்சி கெட்டது. சனி என்று எழுதிவிட்டு, நாளைக்கு வசதிப்பட்டால் செவ்வாய் என்று மாற்றிச் சொல்லலாமே. எனவே நமக்குத் தேவைப்படுவது, ஒரே அடையாளம் வருகிற இரண்டாவது வாக்கியத்தை யாராலும் தேடிப் பிடிக்கவே முடியாத ஓர் எழுத்துக்கூட்டம்.

ஹாஷ் சார்பு அதைத் தருகிறது. ஒரு வரிக் கடிதமோ ஓராயிரம் பக்க அறிக்கையோ, எதை உள்ளே போட்டாலும் ஒரே நீளமுள்ள ஓர் எண் வெளியே வரும். ஒரு கால்புள்ளியை நீக்கினால்கூட வருகிற எண் முற்றிலும் வேறு. எண்ணிலிருந்து ஆவணத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. ஒரே எண் வரும் இரண்டு ஆவணங்கள் எங்கோ இருக்கத்தான் செய்யும். கடலளவு ஆவணங்களைக் கையளவு எண்களுக்குள் அடைக்கிறோம் அல்லவா? ஆனால் அந்த ஜோடியைக் கண்டுபிடிக்க ஆகும் கணக்குவேலை மலைப்பூட்டுவதாக இருக்கவேண்டும். எம்.ஐ.டி.யின் ரான் ரிவெஸ்ட் 1990-இல் கொண்டுவந்த எம்.டி.4 அப்படியொரு முயற்சி. 128 பிட் நீளம். இன்று பிட்காயினில் ஓடும் ஷா-256, பெயரிலேயே இருப்பதுபோல், 256 பிட்.

ஹாஷ் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆவணத்தையே தூக்கிக்கொண்டு போய் ஒரு நம்பகமான லாக்கரில் வைத்துத் தேதி போட்டு வாங்கவேண்டியதில்லை. வைத்தால் வழியில் எவனாவது படிப்பான், கோப்பு பெரிதாக இருந்தால் அனுப்பவே மாளாது, லாக்கர்காரர் தொலைத்தாலும் தொலைத்துவிடுவார். ஹாஷை மட்டும் அனுப்பினால் இந்த மூன்று தலைவலியும் ஒரே அடியில் போய்விடும். லாக்கர்காரர் அந்த எண்ணோடு தேதியைச் சேர்த்துத் தன் டிஜிட்டல் கையொப்பத்தைப் போட்டுத் தந்தால் போதும்.

போகாத தலைவலி ஒன்று உண்டு. லாக்கர்காரரே காசு வாங்கிக்கொண்டு முன்தேதி போட்டுக் கொடுத்தால்? அவரைக் கண்காணிக்க ஒருவர், அந்த ஒருவரைக் கண்காணிக்க இன்னொருவர் என்று போனால் முடிவே இல்லை. ஹேபரும் ஸ்டோர்னெட்டாவும் இங்கேதான் பல மாதம் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இதற்குத் தீர்வே கிடையாது என்பதையாவது கணிதமுறையில் நிரூபித்துவிடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். மோரிஸ்டவுனில் ஃப்ரெண்ட்லீஸ் என்ற ஐஸ்கிரீம் கடையில் குடும்பத்தோடு மேசைக்குக் காத்திருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது என்று ஸ்டோர்னெட்டா பின்னாளில் சொல்லியிருக்கிறார். தோல்வியை நிரூபிக்கும் கணக்கையே திருப்பிப் போட்டார். ஒருவர் ஏமாற்ற இன்னொருவர் உடந்தை வேண்டும், அவருக்கு இன்னொருவர் என்று நீண்டுகொண்டே போகிறதா? நீளட்டும். ஊர் உலகம் மொத்தமும் உடந்தையாக இருந்தால்தான் ஏமாற்ற முடியும் என்ற இடம்வரை நீட்டிவிடுவோம்.

அதை நடைமுறையாக்கியது எப்படி என்று பார்ப்போம். தேதி போட்டுத் தரும் ஒரு சர்வர் இருக்கிறது. அதற்கு 4,001-வது கோரிக்கையாக ஒரு ஹாஷ் வருகிறது. சர்வர் கொடுக்கும் சான்றிதழில் வரிசை எண், நேரம், அனுப்பியவர் அடையாளம், ஹாஷ் ஆகியவற்றோடு 4,000-வது கோரிக்கையின் விவரமும், அதற்கு முந்தைய இணைப்பின் ஹாஷும் இருக்கும். அடுத்த கோரிக்கை வந்ததும், உங்களுக்குப் பின்னால் வந்தவர் இன்னார் என்று 4,001-காரருக்குச் செய்தி போகும். இப்போது சர்வரே நினைத்தாலும் போன வருடத்துக்குள் புதிதாக ஓர் ஆவணத்தைச் செருக முடியாது. 4,000-க்கும் 4,001-க்கும் நடுவே இடம் இல்லை. 4,001-இன் சான்றிதழ் ஏற்கெனவே யாரோ ஒருவர் கையில் இருக்கிறது, அதற்குள் 4,000-இன் அடையாளம் கலந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் முன்னால் இருப்பவர் வீட்டுக் கதவையும் பின்னால் இருப்பவர் வீட்டுக் கதவையும் தட்டலாம். அதுவும் போதாதென்றால் அவர்களுக்கு முன்னும் பின்னும்.

சங்கிலி என்பது இவ்வளவுதான். இன்று ஆயிரக்கணக்கான ரூபாய் கட்டணம் வாங்கிக்கொண்டு வாரக் கணக்கில் பாடம் எடுக்கிறார்கள். மேலே உள்ள ஒரு பத்தியைத் தாளில் வரைந்து பார்த்தவருக்கு அந்தப் பாடத்தின் முதல் பாதி தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம்.

1990-இல் சாண்டா பார்பராவில் நடந்த கிரிப்டோ மாநாட்டில் இதை வாசித்தார்கள். அடுத்த வருடம் குறியாக்கவியல் ஆய்விதழில் கட்டுரை அச்சானது. தலையில் ஷேக்ஸ்பியரின் லுக்ரீஸ் காவியத்திலிருந்து காலத்தைப் பற்றிச் சில வரிகள். கணிதக் கட்டுரைக்கு அது கொஞ்சம் அதிகப்படியான அலங்காரம்தான். கட்டுரையை நான் மதிப்பதற்குக் காரணம் வேறு. தங்கள் முறையில் இருக்கும் ஓட்டையை அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். சர்வர் நினைத்தால் ஒரு பொய்ச் சங்கிலியையே முழுதாகத் தயாரிக்கலாம். எவ்வளவு சந்தேகப் பிராணியாக இருந்தாலும் தேடித் தேடி ஓய்ந்துபோகும் அளவுக்கு அது நீளமாக இருந்தால் மோசடி நிற்கும். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே கட்டுரையில் இரண்டாவது வழி ஒன்றும் இருந்தது. அதில் சர்வரே இல்லை. ஆவணத்தின் ஹாஷை விதையாக வைத்து, பயனாளர்களில் சிலரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் தேதி போட்டுக் கையொப்பமிடுவார்கள். சாட்சிகளை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, உங்கள் ஆவணம் தேர்ந்தெடுக்கிறது. எனவே மச்சானையும் பங்காளியையும் வைத்து ஒப்பேற்ற முடியாது. அழகான யோசனை. ஆனால் கேட்ட நேரத்தில் அத்தனை பேரும் பதில் சொல்ல வேண்டுமே. 1991-இல் அது காகிதத்திலேயே நின்றது.

சங்கிலிக்கும் ஒரு நடைமுறைத் தொல்லை இருந்தது. கோரிக்கைகள் லட்சக்கணக்கில் வந்தால், ஒரு சான்றிதழைச் சரிபார்க்க எத்தனை கதவைத் தட்டுவது? இங்கே மூன்றாவதாக ஒருவர் சேர்ந்தார்: டேவ் பேயர், நியூயார்க் பர்னார்ட் கல்லூரியின் கணிதப் பேராசிரியர். (‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ படத்தில் ரஸ்ஸல் குரோ கரும்பலகையில் சமன்பாடு எழுதும் காட்சிகளில் தெரியும் கை இவருடையதுதான்.) மூவரும் கையில் எடுத்தது ரால்ஃப் மெர்க்கிள் 1970-களின் கடைசியில் உருவாக்கி வைத்திருந்த ஒரு மரம். நாக்-அவுட் போட்டி அட்டவணையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆவணங்களின் ஹாஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு புதிய ஹாஷ்; அவற்றை மறுபடி இரண்டிரண்டாக; கடைசியில் உச்சியில் ஒரே ஒரு ஹாஷ். தோற்று வெளியேறுபவர் யாருமில்லை, எல்லோருடைய சாரமும் உச்சிக்குப் போகிறது. என் ஆவணம் இந்த மரத்துக்குள் இருந்தது என்று நிரூபிக்க, நான் ஏறிவந்த பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்தில் இருந்த ஹாஷை மட்டும் காட்டினால் போதும். ஆயிரம் ஆவணத்துக்குப் பத்து ஹாஷ். பத்து லட்சத்துக்கு இருபது.

உச்சியில் இருக்கும் அந்த ஒற்றை எண்ணை யாராலும் அழிக்க முடியாத இடத்தில் போட்டுவிட்டால் சர்வர்காரர் கையைக் கட்டிப்போட்டாயிற்று. அப்படி ஓர் இடம் ஏற்கெனவே இருந்தது. செய்தித்தாள். 1994-இல் பெல்கோரிலிருந்து பிரிந்து ஷ்யூரிட்டி என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. 1995 முதல் வாரம் ஒருமுறை, நியூயார்க் டைம்ஸின் வரி விளம்பரப் பகுதியில், அறிவிப்புகளும் தொலைந்தவை–கிடைத்தவையும் வரும் பத்தியில், அர்த்தமில்லாத எழுத்துகளும் எண்களுமாக ஒரு துண்டு வர ஆரம்பித்தது. அந்த வாரம் ஷ்யூரிட்டியிடம் வந்த எல்லா ஆவணங்களின் உச்சி ஹாஷ் அது. அதை மாற்ற வேண்டுமென்றால் உலகத்தின் நூலகங்களில் அடுக்கிவைத்திருக்கும் அந்த நாள் பேப்பர் அத்தனையையும் திருத்த வேண்டும்.

பேயரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் இன்னொரு முன்யோசனை இருந்தது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஹாஷ் சார்புகளுக்கும் வயதாகும். இன்று உடைக்க முடியாதது இருபது வருடத்தில் உடையலாம். எனவே பழையது பலவீனப்படுவதற்கு முன்பே ஆவணத்தையும் பழைய சான்றிதழையும் சேர்த்துப் புதிய சார்பால் மறுபடி முத்திரையிட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். எம்.டி.4-இன் தம்பியான எம்.டி.5-இல் ஒரே ஹாஷ் தரும் ஜோடியை 2004-இல் சீனக் கணிதவியலாளர் வாங் சியாவ்யுன் குழு காட்டியது. ஷா-1-க்கு 2017-இல் அதே கதி. மாறவே மாறாது, அழியவே அழியாது என்று பிளாக்செயினைப் பற்றி மேடையில் முழங்குபவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை படிக்கலாம்.

இந்த ஏற்பாடு எலி ஆய்வகத்தில் 1986-இலேயே இருந்திருந்தால் வழக்கு ஒரே நாளில் முடிந்திருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் பக்கம் இந்தத் தேதிக்கு முன்பே இருந்தது என்று சங்கிலி சொல்லும். அந்தப் பக்கத்தில் எழுதிய எண் எலியிடமிருந்து வந்ததா, எழுதியவர் மனதிலிருந்து வந்ததா என்பது அதற்குத் தெரியாது. பொய்யை அன்றைக்கே எழுதி அன்றைக்கே முத்திரை வாங்கினால், அது தேதி சுத்தமான பொய். காபிக்கொட்டை எந்தத் தோட்டத்தில் விளைந்தது, மருந்து எந்த ஆலையில் தயாரானது என்பதையெல்லாம் பிளாக்செயினில் ஏற்றி உண்மையை உறுதி செய்துவிட்டோம் என்று கம்பெனிகள் அறிவிக்கும்போது, இந்த வித்தியாசத்தைத்தான் வசதியாக விழுங்கிவிடுகிறார்கள்.

2008 அக்டோபர் 31 அன்று சடோஷி நகமோட்டோ என்ற பெயரில், பிட்காயினை அறிமுகப்படுத்தும் ஒன்பது பக்கக் கட்டுரை வெளியானது. அதன் கடைசியில் எட்டே எட்டு மேற்கோள்கள்; அவற்றில் மூன்று ஹேபர்–ஸ்டோர்னெட்டாவின் கட்டுரைகள். ஒன்று 1991-இல் வந்தது, ஒன்று பேயரோடு சேர்ந்து எழுதியது, மற்றொன்று 1997-இல் எழுதியது. மெர்க்கிளுக்கு இன்னொன்று. கட்டுரையின் மூன்றாம் பகுதி நேர முத்திரை சர்வரைப் பற்றியது. ஹாஷை ஊரறிய வெளியிடும் வழிக்கு உதாரணமாகச் செய்தித்தாளையே அங்கு குறிப்பிடுகிறார்.

பிட்காயின் சங்கிலியின் முதல் கண்ணியில், அதாவது 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கில், அவர் செய்த காரியம் இன்னும் சுவாரசியம். லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழின் அன்றைய தலைப்புச் செய்தியை, பிரிட்டன் நிதியமைச்சர் இரண்டாம் முறையாக வங்கிகளைக் கைதூக்கிவிடப் போகிறார் என்பதை, அதற்குள் பொதிந்து வைத்தார். வங்கிகளுக்கு விட்ட நக்கல் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் ஷ்யூரிட்டியைத் தெரிந்தவர்களுக்கு அதில் வேறொன்றும் தெரியும். பேப்பருக்குள் ஹாஷ் இருந்தால், ஆவணம் அந்தத் தேதிக்குப் பின்னால் உருவானதில்லை என்று பொருள். பிளாக்குக்குள் பேப்பர் இருந்தால், பிளாக் அந்தத் தேதிக்கு முன்னால் உருவானதில்லை. சங்கிலியை முன்கூட்டியே ரகசியமாக நீட்டிவைத்துக்கொண்டு வரவில்லை என்று சடோஷி முதல் நாளே சாட்சி வைத்துவிட்டார்.

ஆனால் ஷ்யூரிட்டியின் சங்கிலியை அப்படியே எடுத்துப் பணத்துக்குப் போட முடியாது. ஆவணத் தேதிக்கு வாரம் ஒருமுறை பேப்பரில் வந்தால் தாராளம். பணத்தில், ஒரே காசை ஒருவன் காலையில் கண்ணனுக்கும் அடுத்த நிமிடம் முருகனுக்கும் கொடுத்தால், எது 4,000, எது 4,001 என்பதுதான் மொத்த வழக்குமே. அந்த வரிசை எண்ணைப் போடுவது ஒரு கம்பெனியின் சர்வர் என்றால், ஒரே நிறுவனத்தை நம்பி டேவிட் சௌம் நின்ற இடத்திலேயே நாமும் நிற்கிறோம். சர்வரை எடுத்துவிட்டால், ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த ஓட்டை வாயைப் பிளக்கிறது: யார் வேண்டுமானாலும் நீளமான பொய்ச் சங்கிலி ஒன்றைத் தயாரித்து இதுதான் நிஜம் என்று கொண்டுவந்து நிற்கலாம். அதைத் தடுக்க ஒரே வழி, சங்கிலியை ஒரு கண்ணி நீட்டுவதற்கே பெரும் செலவு ஆகும்படி செய்வது. அந்தச் செலவு வைக்கும் வித்தையை 1992-இல் சிந்தியா டுவொர்க், மோனி நவோர் என்ற இருவர் வெளியிட்டிருந்தார்கள். அவர்களுக்கும் பணத்தைப் பற்றி அக்கறை இல்லை. மின்னஞ்சல் பெட்டியை நிரப்பும் குப்பை விளம்பரங்களை ஒழிப்பது எப்படி என்பதுதான் அவர்களுடைய கவலை.

(தொடரும்)